மாற்று விரிப்பு

மருந்துக் கடைகளிலே இப்பொழுது ஒருவகைப் படுக்கை விரிப்புப் பொதிகளாக விற்கப்படுகின்றது. தொட்டாற் துணி போலவும் கசக்கினாற் கடதாசி போலவும் இருப்பது. நோயாளியின் கீழே விரிக்கலாம்; நனைந்தவுடன் சுருட்டி எடுத்து எறிந்துவிட்டு மற்றொன்றை விரிக்கலாம். துவைத்தல், உலர்த்தல், மடித்தல் என்னும் மூன்று தொழிலும் அதற்கு இல்லை. நம்மவருள் வயது முதிர்ந்தோர் பலர் இதனை முகஞ்சுளித்தே நோக்குகின்றனர். உண்ட இலையை நாள்தோறும் எறிபவர்க்கு விரிப்பை எறிவது மட்டும் ஏன் உறுத்துகின்றது என்று ஆசிரியர் அறையில் ஒருநாள் கேட்டேன். “உண்கலத்தை எறியலாம். கிடக்கையை எறிவது சாவீட்டு வழக்கமன்றோ?” என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர்.

அவர் கூற்றில் உண்மையில்லாமல் இல்லை. இறந்தவர் கிடந்த பாயை மீண்டும் வீட்டினுள் எடுப்பது நம் ஊர்களில் வழக்கமன்று. ஆதலால் எறியும் படுக்கை என்றவுடன் அமங்கலம் ஒன்று நினைவில் எழுதல் இயல்பே. ஆயினும் இந்த விரிப்பின் வரலாற்றைச் சற்று ஆழ்ந்து நோக்கின், எறிவதா வைத்திருப்பதா என்பதினும் பெரிய வினா ஒன்று அதனுள்ளே கிடத்தல் புலனாகும். அழுக்கான விரிப்பைக் கையால் எடுப்பவர் யார் என்பதே அவ்வினா.

ஓரிரவுக்கு மாத்திரம் உரிய படுக்கை நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. கங்கைக் கரையில் இராமன் துயின்ற இடத்தைக் குகன் பரதனுக்குக் காட்டும் பகுதி கம்பராமாயணத்துக் குகப் படலத்தில் உள்ளது. கல்லிடையே பரப்பிய புல்லே அங்குப் பள்ளி. விடிந்ததும் எழுந்து சென்றவன் அதனை உதறி மடித்து எடுத்துச் செல்லவில்லை; கிடந்தபடியே விட்டுச் சென்றான். பரதன் அதனைக் கண்ட அளவில் நிலத்தில் வீழ்ந்து பதைக்கின்றான். புல்லணை அவன் கண்ணுக்கு அரசிழந்த துன்பத்தின் அடையாளம். மெல்லிய, நிலையற்ற படுக்கை என்றால் அது வறியோர்க்கும் துறந்தோர்க்கும் உரியது என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் வேரூன்றியமைக்கு இத்தகைய இடங்களும் காரணம் போலும்.

படுக்கையைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. அணை, அமளி, பாயல், சேக்கை, பள்ளி, கிடக்கை, தவிசு, மெத்தை என்று மாணாக்கர் மனனஞ் செய்வதுண்டு. சேக்கை என்பது பறவைகள் தங்கும் கூட்டையும் குறிக்கும். பள்ளி என்பது துயிலிடத்தையும் கல்விச்சாலையையும் ஒருங்கே குறித்தலின், பிற்பகல் இலக்கண வகுப்பிலே கண்ணயரும் மாணாக்கன் சொல்லின் இருபொருளையும் நிறைவேற்றுகின்றான் என்று கொள்ளலாம். இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர், அன்னத்தூவி என்னும் ஐந்தாலும் அமைந்த பஞ்சசயனத்தையும் நூல்கள் பேசுகின்றன. இத்துணைச் சொல்வளம் இருந்தும், நோயாளியின் படுக்கைக்கென நம் புலவர் ஆண்ட சிறப்புச் சொல் எதுவும் என் நினைவுக்கு வருவதில்லை. காதலர் பள்ளியையும் அரசர் அமளியையும் பாடிய அளவுக்கு நோயாளர் கிடக்கையை அவர்கள் பாடினாரில்லை.

நெடுநல்வாடையை எடுத்துக்கொள்வோம். பாண்டிமாதேவியின் கட்டிலை நக்கீரர் புனைந்திருக்கும் திறம் வியத்தற்குரியது. நாற்பது ஆண்டு நிரம்பிப் பொருது வீழ்ந்த யானையின் தந்தத்தாற் செய்த கட்டில், அன்னத்தின் தூவியால் அமைந்த மென்மை, இவற்றுக்கெல்லாம் மேலாகக் கஞ்சியிட்டு வெளுத்து மடித்த தூய துகிலின் விரிப்பு. இத்தனை செல்வங்களுக்கும் முடிவில் வெளுத்த துகில் ஒன்று வேண்டியிருக்கின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். அதே பாட்டின் இறுதியில் அரசன் பாசறையிலே நள்ளிரவிற் புண்பட்ட வீரரைக் காணச் செல்கின்றான். அவ்வீரர் எதன்மேற் கிடந்தனர், அதனை மாற்றினோர் யாவர் என்பது பாட்டில் இல்லை.

அரண்மனைத் துகிலை வெளுத்த கையையும் நக்கீரர் காட்டவில்லை. அக்கையை வேறு இரு பாடல்களிற் காணலாம். குறுந்தொகைப் பாடல் ஒன்றிலே புலைத்தி கஞ்சிப்பசை தோய்த்துப் புடைத்துக் குளிர்ந்த குளத்திலே இட்ட ஆடை, நீரில் முறுக்கவிழாமற் கிடப்பது பகன்றையின் வெண்பூவுக்கு உவமையாகின்றது. நற்றிணைப் பாடல் ஒன்றிலே, விழா நிகழும் ஊரில் உடை வெளுத்தலாற் கை ஓயாத புலைத்தி இரவிலே துணியைக் கஞ்சியில் தோய்க்கின்றாள். பிறர் ஆடி மகிழ்வதற்கு முந்திய இரவு அவளுக்கு வேலை இரவு. அவள் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தொழிலின் பெயரே அவள் பெயர். அதுவும் பிற்காலத்தில் இழிசொல்லாக ஆக்கப்பட்டது.

இனி, மாற்று என்னும் சொல்லுக்கு வருவோம். வண்ணாத்திமாற்று என்றொரு தொடர் தமிழில் உண்டு. பூப்பு, பிள்ளைப்பேறு முதலிய காலங்களில் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு உடுக்கவும் விரிக்கவும் சலவைத் தொழிலாளர் மனையிலிருந்து வந்த தூய துணியே மாற்று எனப்பட்டது. அழுக்கான துணி அவர்கள் மனைக்குப் போகும். அதற்கு ஈடாக வெளுத்த துணி இங்கு வரும். சாமர்த்திய வீட்டிலும் மரண வீட்டிலும் வெள்ளை கட்டுதலும் நிலபாவாடை விரித்தலும் அவர்கள் கடமையாக விதிக்கப்பட்டிருந்தன. விரைவாகவும் எளிதாகவும் படுக்கை மாற்றும் ஏற்பாடு நம் முன்னோரிடம் இருந்தது என்று இதனைக் காட்டிப் பெருமை பேசுவாரும் உளர். ஏற்பாடு இருந்தது உண்மை. எளிமை யாருக்கு என்பதையும் உடன் கேட்டல் வேண்டும். துடக்கு என்று வீட்டார் தொட அஞ்சியதை வேறொரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தோளிற் சுமந்தது. சுமந்ததற்காகவே தாழ்ந்தது என்று சொல்லப்பட்டது. இலங்கைப் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டத்தை 1957 இல் இயற்றியது. ஆனால் இந்த மாற்று வழக்கம் குன்றியதற்குச் சட்டத்தினும், பிள்ளைப்பேறு வீட்டைவிட்டு வைத்தியசாலைக்குப் போனதும், அத்தொழிலாளரின் மக்கள் பள்ளிக்கூடம் சென்று வேறு தொழில் பூண்டதுமே பெருங்காரணங்கள் என்பது என் கருத்து.

அவர்கள் சுமந்தது அழுக்கு மட்டுமன்று. பெரியம்மை நோயாளியின் கொப்புளங்களிலிருந்து உதிரும் பொருக்கு விரிப்பில் ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள நோய்க்கிருமி நெடுநாள் அழியாது. நோயாளியை ஒருமுறையேனும் காணாத சலவைத் தொழிலாளர், அவர் துணியைக் கையாண்டதனாலேயே அந்நோய் கண்டமை பல நாடுகளில் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியிருக்கின்றது. படுக்கைத் துணியின் இந்தத் தீய ஆற்றலைக் கொடியோரும் அறிந்திருந்தனர். 1763 இல் வட அமெரிக்காவிலே பிற்றுக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயர், தம்மிடம் தூது வந்த டெலவேர்க் குடியினர்க்குப் பெரியம்மை மருத்துவமனையிலிருந்து எடுத்த இரண்டு கம்பளிகளையும் ஒரு கைக்குட்டையையும் பரிசாகக் கொடுத்தனர். உலகச் சுகாதாரப் பேரவை 1980 மே 8 இல் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவிக்கும்வரை, அழுக்குத் துணி மூட்டை எடுப்பது உயிருக்கு அஞ்சவேண்டிய தொழிலாகவே இருந்தது.

ஒன்றை இங்குச் சொல்லாமற் போதல் நன்றியன்று. உவர்மண்ணில் தோய்த்த துணியை வெள்ளாவியில் அடுக்கி, இரவு முழுவதும் நீராவியில் அவியவிடும் முறை நம் சலவைத் தொழிலாளரின் அறிவு. வைத்தியசாலைத் துணியை 71 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் 25 நிமிடமேனும் வெளுத்தல் வேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தார் அறிவுறுத்துகின்றனர். கிருமி என்ற சொல்லின் இன்றைய பொருளை அறியாத காலத்திலேயே வெள்ளாவி அந்த வேலையைச் செய்துவந்தது.

எறியும் விரிப்புக்கு நம் நாட்டு முன்மாதிரி வேறொன்று உண்டு, அதுவே வாழையிலை. அம்மாள் வருத்தம் கண்டவரை வாழையிலையிற் கிடத்தி, வேப்பிலை பரப்பி, வாடியபோது புதிய இலை இடுவர். இதனைத் தெய்வ வழிபாட்டின் பகுதியாகவே நாம் எண்ணியிருந்தோம். இலையின் மேற்புறத்தில் மெழுகு போன்ற மென்படலம் இருத்தலின், கசியும் புண் அதில் ஒட்டாது. ஒட்டாத விரிப்பை எடுக்கும்போது புதுத்தோல் உரியாது, நோவும் குறையும். தீப்புண்ணுக்கு மேலிடும் கட்டாக வாழையிலையைப் பயன்படுத்தி ஆராய்ந்த மும்பை மருத்துவர்கள் அதன் பயனை 2003 இல் மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். இலையின் விலை குறைவு, எறிந்தால் மண்ணாகும். ஆயின் ஈரத்தை உறிஞ்சும் ஆற்றல் அதற்கு இல்லை. புண்ணுக்கு நல்ல விரிப்பே சிறுநீர் கட்டுப்படாத முதியவர்க்கு உதவாது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மேனாட்டிலும் நோயாளர் படுக்கைக்கு மதிப்பு எளிதில் வந்துவிடவில்லை. கிரைமியப் போரின்போது, 1854 நவம்பரில், புளோரன்சு நைற்றிங்கேல் அம்மையார் தாதியரோடு இசுக்குத்தாரி சென்றடைந்தார். ஆங்கு வைத்தியசாலையில் இருந்த விரிப்புகள் முரட்டுக் கித்தான் துணியாலானவை. அவற்றின்மேற் கிடத்தவேண்டாம், எங்கள் கம்பளியிலேயே கிடக்கவிடுங்கள் என்று புண்பட்ட வீரர் இரந்தனராம். அம்மையார் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொதிகலன் அமைத்து, போர்வீரர்களின் மனைவியரைச் சலவைக்கு அமர்த்தினார். பின்னர் அவர் எழுதிய நோயாளர் பராமரிப்பு நூலிலே படுக்கைக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. காய்ச்சற்காரரின் உடல் தகிப்பைப் பெரும்பாலும் நோயின் குறி என்று எண்ணுகின்றோம். உண்மையில் அது ஈரம் ஊறிய படுக்கையின் குறி என்பது அவர் கருத்து. நம் வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணும் உழைச்செல்வானையும் சேர்த்து நான்காக வகுத்தார். உரை செய்த பரிமேலழகரோ, அவனுக்கு நோயாளியிடத்து அன்பும் மனமொழிமெய்த் தூய்மையும் அறிவும் வேண்டும் என்றார். நைற்றிங்கேல் நூலை உழைச்செல்வானைப் பற்றிய விரிவுரை என்று கூறினாற் பிழையாகாது.

எறியும் விரிப்பின் பிறப்புக்கும் ஒரு போரே துணைநின்றது. 1914 இல் தொடங்கிய உலகப் போரிற் கட்டுத்துணிக்குப் பருத்தி போதாமையால், மரக்கூழிலிருந்து செய்த பஞ்சு போன்ற பொருளைக் கிம்பர்லி கிளார்க் என்னும் அமெரிக்க நிறுவனத்தார் வழங்கினர். அது பருத்தியினும் பன்மடங்கு நீரை உறிஞ்சியது. போர்க்களத் தாதியர் அதனைத் தம் மாதவிலக்குக்கும் பயன்படுத்திக்கொண்டனர். 1920 இல் அதுவே கடைச்சரக்காயிற்று. நம் மாற்றுக்கு ஒப்பானது அங்கே இவ்வாறு தோன்றியது எனலாம்.

இன்றைய விரிப்பு நெய்யப்படுவதன்று. பாவும் ஊடும் அதற்கு இல்லை. பொலிபுரொப்பிலீன் என்னும் செயற்கைப் பொருளை உருக்கி, நுண்ணிய துளைகள் வழியே இழையாக இழுத்து, இழைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரவவிட்டு, வெப்பத்தால் அழுத்தி ஒட்டுகின்றனர். படுக்கை முழுவதற்குமான மெல்லிய விரிப்பு இவ்வளவே. இடையின் கீழ் இடும் சிறு விரிப்போ நான்கு படை உடையது. மேலே ஈரத்தை உள்ளே விடும் மென்படை. அதன்கீழ் மரக்கூழ்ப் பஞ்சு. பஞ்சினூடே நீரை விழுங்கிக் களியாகும் பொடி. அடியிலே நீர் புகாப் பொலித்தீன். அந்தப் பொடியின் வரலாறு சுவையானது. வறண்ட மண்ணில் ஈரத்தை நிறுத்துதற்கு வழிதேடி 1960 களில் அமெரிக்க வேளாண்மைத் துறையினர் நடத்திய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது அது. தூய நீராயின் தன் எடையைப்போலச் சில நூறு மடங்கு ஏற்கும். சிறுநீரில் உப்பு இருத்தலால் அந்த ஆற்றல் சில பத்து மடங்காகக் குறைந்துவிடும். பயிருக்கென நினைத்தது படுக்கைக்கு வந்து சேர்ந்தது.

இவ்வளவும் நம் வீடுகளில் யாருக்கு வேண்டியிருக்கின்றன? எனக்கு நன்கு தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுபத்தைந்து வயது கடந்தவர். அவர் மனைவியார் பாரிசவாதத்தால் மூன்றாண்டு கிடையாய்க் கிடந்தார். பிள்ளைகள் மூவரும் கடல் கடந்து வாழ்கின்றனர். நாளொன்றுக்கு ஐந்தாறு விரிப்பைக் கிணற்றடியிலே துவைத்து அவரே உலர்த்துவார். ஐப்பசி, கார்த்திகை மழையிலே துணி உலராது. அடுக்களை அடுப்பின் மேலே கயிறு கட்டிக் காயவைப்பார். பிள்ளைகள் பணம் அனுப்பி எறியும் விரிப்புகளை வாங்குவித்தபின், பார்க்க வந்த மைத்துனியார், “அத்தான், அக்காவைக் கடதாசியிலோ கிடத்தியிருக்கிறியள்?” என்று கலங்கினார். ஆசிரியர் கோபிக்கவில்லை. “பிள்ளை, முந்தி நான் நாள் முழுக்கக் கிணத்தடியிலை நிண்டனான். இப்ப அவவுக்குப் பக்கத்திலை இருக்கிறன்” என்றார். அதற்குமுன் அவ்வம்மையார்க்கு நாள்தோறும் பத்திரிகை வாசித்துக் காட்ட அவருக்கு நேரமிருந்ததில்லை.

அன்பு என்றால் துவைத்தே காட்டல் வேண்டும் என்று எண்ணுவோர்க்கு அந்த விடை போதும் என்று நினைக்கின்றேன். வீட்டிலே இருவர் மூவர் இருந்து, சலவை இயந்திரமும் தண்ணீரும் வெயிலும் இருப்பின் பருத்தி விரிப்பே சிறந்தது என்பதில் ஐயமில்லை. நம் நாட்டு வெக்கையிலே பொலித்தீன் அடியுள்ள விரிப்பின்மேல் நெடுநேரம் கிடந்தால் முதுகு வியர்த்துத் தோல் ஊறிவிடும். ஊறிய தோலிலேதான் படுக்கைப்புண் விரைந்து தோன்றும். ஆதலால் கட்டில் முழுவதற்கும் பருத்தியை விரித்து, இடையின் கீழ் மட்டும் எறியும் சிறு விரிப்பைக் குறுக்கே இட்டு, நனைந்தவுடன் அதனை மாத்திரம் மாற்றுதல் நடைமுறைக்கு உகந்தது. தொற்றுநோயும் பெருங்குருதிப் போக்கும் உள்ள இடத்தில் முழுவதையும் எறிதலே தக்கது.

மாற்றுவதற்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. நோயாளியைத் தூக்கவேண்டியதில்லை. ஒருபக்கமாகப் புரட்டிச் சாய்த்து, பழைய விரிப்பை நீளவாட்டில் அவர் முதுகுவரை உட்புறமாகச் சுருட்டுதல். புதியதன் பாதியை அதனருகே விரித்து மறுபாதியைச் சுருளாக வைத்தல். அவரை இருசுருளையும் கடந்து மறுபக்கம் புரட்டுதல். பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுத்து மடிப்பின்றி விரித்தல். பழையதை உதறலாகாது, உடலோடு அணைத்து எடுத்தலும் ஆகாது. இரண்டு மணிக்கொரு முறை புரட்டும்போது வால், இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களிற் தோல் சிவந்திருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். விரிப்பு நனையவில்லை என்பதற்காகப் புரட்டாமல் விட்டால், எத்துணை விலையுயர்ந்த விரிப்பும் புண்ணைத் தடுக்காது. விரைவில் மாற்றமுடிகின்ற வசதி அந்த மறதிக்கும் இடந்தருகின்றது.

இப்பொருளுக்கு என்ன பெயரிடலாம் என்று மாணாக்கரைக் கேட்டேன். கடதாசிப் பாய் என்றான் ஒருவன். எறிவிரிப்பு என்றான் மற்றொருவன். இரண்டும் பொருளுக்குப் பொருந்துவனவே. எனினும் மாற்று என்ற பழைய சொல்லையே இதற்கு இடுதல் நன்று என்று எனக்குத் தோன்றுகின்றது. ஒரு குடும்பத்தின்மேல் ஏற்றிய அடிமைத்தொழிலின் பெயராக இருந்த சொல், யார் மேலும் ஏற்றாத ஒரு பொருளின் பெயராக மாறட்டுமே.

யார் மேலும் ஏற்றாத என்றேன். அதிலே ஒரு தடை உண்டு. எறிந்தது எங்கோ போய்ச் சேர்கின்றது. மரக்கூழ் மண்ணில் மக்கும்; பொலிபுரொப்பிலீனும் பொலித்தீனும் மக்கமாட்டா. கொல்லையிலே குவித்து எரிப்போர் அதன் புகையை நோயாளியின் அறைக்கே அனுப்புகின்றனர். ஈரம் ஏறிய விரிப்பு எளிதில் எரிவதுமில்லை. சிலர் மற்றக் குப்பையோடு கலந்து வாயிலில் வைக்கின்றனர். நாய் இழுத்துத் தெருவெங்கும் பரப்புகின்றது. விடியற்காலையில் நகரசபைத் துப்புரவுத் தொழிலாளி வெறுங்கையால் அதனை அள்ளுகின்றார். புலைத்தியின் கையிலிருந்து நீங்கிய அழுக்கு வேறொரு கைக்குப் போய்விட்டது. இந்தக் கைக்குச் சொரியல் நெல்லும் இல்லை, வெள்ளாவியும் இல்லை. மேனாடுகளிலே பலமுறை வெளுக்கத்தக்க தடித்த உறிஞ்சு விரிப்புகளும் வழக்கில் உள்ளன. அவற்றை இங்கே தைப்பது கடினமான தொழிலன்று. தையல் அறிந்த மகளிர் சங்கங்கள் முயன்றால் எறிவதன் தொகை பாதியாகும்.

அதுவரை எறியவேண்டியதை முறையாக எறிதல் வேண்டும். நனைந்த பக்கம் உள்ளே போகுமாறு சுருட்டி, மலம் இருப்பின் அதனை முதலில் மலகூடத்திற் கொட்டி, தனிப்பையில் இட்டு இறுகக் கட்டி, நாயெட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும். பையிலே இருப்பது இன்னதென்று குப்பை எடுப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லி, கையுறை இல்லாதவராயின் நம் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு சோடியை அவருக்குக் கொடுத்தல் வேண்டும்.